பிஸ்டன் எங்கே என்று கேட்கிற கடை

கேள்வி: எங்கள் வீட்டில் 1967ஆம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. அப்பா கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் டீ மேக்கராக இருந்தபோது, ஊரைக் காலி செய்துகொண்டு போன மேனேஜரிடம் வாங்கிய வண்டி. அப்பா போன பிறகு பத்து வருடம் ஷெட்டிலேயே நின்றது. இரண்டு வருடமாக நான் ஓட்டுகிறேன். குன்னூரிலிருந்து மலை இறங்கி, கல்லாறு வந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கிற அளவுக்கு நீலப் புகை. ஏறும்போதும் கொஞ்சம் உண்டு. 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்றுகிறேன். உள்ளூர் மெக்கானிக் கம்ப்ரஷன் பார்த்தார். 112, 108, 84, 110 என்று காட்டியது. "நூத்தம்பது பக்கம் வரணுங்க, நாலுமே போச்சு. எறக்கி கோயம்புத்தூர்ல குடுத்து நாலுக்கும் ஸ்லீவ் போட்டுரலாம்" என்கிறார். என் மச்சான் தன் அம்பாசடருக்கு இப்படித்தான் செய்தார். முந்நூறாவது கிலோமீட்டரில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. போரிங் கடைக்காரர் மெக்கானிக்கைக் கைகாட்டினார், மெக்கானிக் கடைக்காரரைக் கைகாட்டினார். இதற்கிடையே, டீ ஃபேக்டரி ரோலர்களுக்குக் கூர் போடும் குன்னூர் லேத் பட்டறை ஒன்று "நாங்களே செய்து தருகிறோம்" என்கிறது. யாரை நம்புவது? நம்பலாம் என்று எதை வைத்து முடிவு செய்வது?
— வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் மச்சானுக்கு நடந்ததிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் அந்த நான்கு எண்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவற்றில் மூன்றை உங்கள் மெக்கானிக் தப்பாகப் படித்திருக்கிறார்.

நூற்றைம்பது வர வேண்டும் என்பது கீழே சமவெளியில் சொல்லும் கணக்கு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். சிலிண்டருக்குள் போகிற காற்றே குறைவு என்றால் அதை அமுக்கி வருகிற அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். குன்னூரில் 110 காட்டுகிற சிலிண்டர் கோயம்புத்தூரில் 130ஐத் தாண்டும், சென்னைக் கடற்கரையில் 137 பக்கம் காட்டும். ஐம்பது வயது தாண்டிய எஞ்சினுக்கு அது ஒன்றும் மோசமில்லை. மலைக்கு வருகிற சமவெளி மெக்கானிக்குகளும், சமவெளியில் தொழில் கற்று மலையில் கடை போட்டவர்களும் இந்த ஒரு விஷயத்தில் எத்தனையோ நல்ல எஞ்சின்களுக்குச் சாவு மணி அடித்திருக்கிறார்கள். மலையில் மொத்த அளவை விட நான்குக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் வண்டியில் குற்றவாளி மூன்றாவது சிலிண்டர்.

அதற்கு என்ன நோய் என்று எஞ்சினை இறக்காமலே தெரிந்துகொள்ளலாம். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி மறுபடி கேஜ் வைத்துப் பாருங்கள். 84 சட்டென்று நூறைத் தாண்டினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்த இடைவெளியை அடைத்துவிட்டதால்தான் ஏறுகிறது. எண் அசையாமல் நின்றால் வால்வு சரியாக உட்காரவில்லை. அப்படியானால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

புகையும் ஒரு வாக்குமூலம்தான். பர்லியார் தாண்டி இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு வண்டியை எஞ்சின் பிடியில் இறக்கும்போது கார்புரேட்டர் மூடியிருக்கிறது, இன்லெட் பக்கம் கடுமையான வெற்றிடம். அந்த உறிஞ்சல் தேய்ந்துபோன வால்வு கைடு வழியாக ஆயிலைக் கீழே இழுக்கிறது. கல்லாறில் நீங்கள் மிதித்ததும் அது மொத்தமாக எரிந்து நீலமாகக் கக்குகிறது. இறங்கிய பிறகு வருகிற புகைக்குக் கைடு காரணம். ஏறும்போது பாரத்தில் விடாமல் வருகிற புகைக்கு ரிங் காரணம். உங்களுக்கு முதலாவது அதிகம், இரண்டாவது கொஞ்சம். ஹெட் வேலை நிச்சயம் உண்டு. போர் வேலை தேவைப்படலாம், ஆனால் அதை அளக்காமல் சொல்ல முடியாது. "நாலுக்கும் ஸ்லீவ்" என்பது அளப்பதற்கு முன்பே எழுதிய மருந்துச் சீட்டு.

சரி, இறக்கியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எங்கே கொடுப்பது?

குன்னூர் பட்டறையை முதலில் பார்ப்போம். சி.டி.சி. ரோலருக்குக் கூர் போடுகிறவர்களை நான் குறைவாக மதிப்பவன் அல்ல. ஒரு அங்குலத்துக்கு எட்டோ பத்தோ பல் என்று ரோலர் முழுக்க வெட்டி, இரண்டு ரோலர்களும் ஒன்றையொன்று உரசாமல் நெருங்கிச் சுற்றும்படி செய்வது சின்ன வேலை இல்லை. அது பிசகினால் தூளின் தரமே போய்விடும். ஆனால் அது வெளிப்பக்கம் வெட்டுகிற வேலை. உங்கள் பிளாக்குக்கு வேண்டியது உள்பக்கம் வெட்டுவது. 63 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஆழமான துளையை, கிராங்க் ஓடும் கோட்டுக்கு மிகச் சரியாகச் செங்குத்தாக, மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் திறக்க வேண்டும். அதற்கு போரிங் மிஷினும் ஹோனிங் மிஷினும் வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டட் கழற்றுவது, மரை திருத்துவது, புஷ் கடைவது மாதிரி வேலைகளுக்கு அவர்களை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அவர்களைப் போல ஆள் கிடைக்காது.

ஆக, போர் வேலைக்குக் கோயம்புத்தூருக்கு இறங்கத்தான் வேண்டும். அதில் மலைக்காரர்கள் மனக்குறைப்பட ஒன்றுமில்லை. 1932இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கி, நீலகிரித் தண்ணீரில் பிறந்த கரண்ட் கீழே இறங்கிய பிறகுதான் கோவையில் ஆலைகளும் பட்டறைகளும் பெருகின. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கத்துச் சந்துகளில் இன்று சுற்றுகிற லேத்துகளுக்கு உங்கள் ஊர் ஆறுதான் பாட்டன்.

ஆனால் கோயம்புத்தூரில் கடை நிறைய இருப்பதே ஒரு சிக்கல். பலருடைய அன்றாட வேலை லாரி, டிராக்டர் டீசல் எஞ்சின். அவற்றில் பெரும்பாலும் வெட் லைனர். பழையதைப் பிடுங்கி, புதியதை இறக்கினால் முடிந்தது. ஹெரால்டு 63க்கு 76 மில்லிமீட்டர், 948 சி.சி. கொண்ட குட்டி எஞ்சின். அதன் பிளாக்கிலேயே போர் வெட்டப்பட்டிருக்கிறது, லைனர் கிடையாது. லாரி பிளாக்குக்கு வைத்திருக்கிற போரிங் பாரின் தலையே இந்தத் துளைக்குள் நுழையாமல் போகலாம். அதனால் போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஹெரால்டு தெரியுமா?" என்பது இல்லை. தெரியும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். "மாருதி 800 போர் அடிக்கிறீங்களா, மாசத்துக்கு எத்தனை வரும்?" என்று கேளுங்கள். மாருதி 800இன் போர் 68.5 மில்லிமீட்டர், பழைய ஃபியட் 68, புல்லட் 350க்கு 70. இவற்றைத் தினமும் செய்கிற கை உங்கள் வண்டிக்கும் பழகிய கை. கூடவே 63க்கு அவர்கள் பார் போகுமா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயர் யாரிடம் கேட்பது? கார்க்காரர்களிடம் கேட்டால், மே மாதம் ஊட்டியில் நடக்கும் பழைய கார் அணிவகுப்பில் பளபளவென்று நிற்கிற வண்டிகளைக் காட்டிப் பெயர் சொல்வார்கள். அந்த வண்டிகளில் பாதி லாரியில் ஏறி வந்தவை. "யார் செய்தது?" என்பதோடு நிறுத்தாமல் "செய்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்றும் கேளுங்கள். என் அனுபவத்தில் அவர்களைவிட நல்ல சாட்சி ரிங்கும் பேரிங்கும் விற்கிற ஸ்பேர்ஸ் கடைக்காரர். ஒரே எஞ்சினுக்கு ஆறு மாதத்தில் இரண்டாவது செட் பேரிங் வாங்க யார் வருகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். பேர் சொல்லத் தயங்குவார். "உங்க சொந்த வண்டின்னா எங்க குடுப்பீங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். குன்னூரிலேயே இன்னொரு வகை சாட்சிகள் உண்டு. டீ ஃபேக்டரியிலும் மலை ரயில் லோகோ ஷெட்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள். வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைப் பல் சக்கரத்தில் மலையேற்றியவர்களுக்கு கிளியரன்ஸ் என்றால் என்னவென்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒருவரை ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். கடைக்குள் நீங்கள் பார்க்கிறதும் அவர் பார்க்கிறதும் வேறு வேறாக இருக்கும்.

இனி மச்சான் விஷயம். பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. போருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே விட்ட இடைவெளி போதவில்லை, அல்லது ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே விட்ட இடைவெளி போதவில்லை. முதலாவது கடைக்காரர் பொறுப்பு, இரண்டாவது கோத்த மெக்கானிக் பொறுப்பு. உங்கள் மச்சானிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு போர் அளவும் நான்கு பிஸ்டன் அளவும் இருந்திருந்தால் பஞ்சாயத்து பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். காகிதம் இல்லாததால் இரண்டு பேரும் தப்பித்தார்கள்.

இதே தப்பை நானும் ஒருமுறை செய்தேன். ஃபியட் 1100 ஒன்றுக்கு பிஸ்டன் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாமல், இரண்டாவது ஓவர்சைஸுக்கு அடித்து வைத்துவிடுங்கள் என்று பிளாக்கைக் கொடுத்துவிட்டேன். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் அடித்துக் கொடுத்தார். வந்து சேர்ந்த பிஸ்டன்களின் தலையில் இரண்டாவது ஓவர்சைஸ் என்றே குத்தியிருந்தது. மைக்ரோமீட்டரில் நான்கும் நான்கு அளவு, எல்லாமே பெட்டியில் எழுதியதைவிடக் கொஞ்சம் சிறியவை. காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி 'கடகட'வென்று தட்டும். சூடேறினால் அடங்கும். அந்தச் சத்தத்தோடு நாலு வருடம் ஓட்டினேன்.

அன்றிலிருந்து கடையை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல். பிளாக்கை மேசையில் வைத்ததும் கடைக்காரர் என்ன கேட்கிறார் என்று பார்ப்பேன். "எப்ப வேணும்?" என்று கேட்பவர் உண்டு. "எத்தனை சைஸ் அடிக்கணும்?" என்று கேட்பவர் உண்டு. "பிஸ்டன் எங்கங்க?" என்று கேட்பவர்தான் நமக்கு வேண்டியவர். பிஸ்டன் கைக்கு வராமல் போர் அடிக்க மாட்டேன், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கான துளையை அதற்கு மட்டும் திறப்பேன், எது எந்த நம்பர் என்று குறித்துத் தருவேன் என்று சொல்கிறவர்.

கணபதி பக்கம் ஒரு சந்தில் அப்படி ஒருவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உட்கார நாற்காலி கிடையாது, சுவரில் முருகன் காலண்டர். போர் கேஜ் மட்டும் மரப் பெட்டிக்குள் துணி சுற்றி இருந்தது. எடுத்தார், மைக்ரோமீட்டரை 63இல் பூட்டி, அதற்குள் கேஜை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு துளைக்குள் இறக்கி, மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை, ஆக ஆறு அளவு. சாக்பீஸால் பிளாக்கின் பக்கவாட்டில் எழுதிக்கொண்டே போனார். முதல் துளையில் மேலே ஏழு, நடுவே நாலு, கீழே ஒன்று. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பட்டறைப் பேச்சில் ஒரு தௌ. ரிங் மேல்நோக்கி வந்து நிற்கிற இடத்தில் அதிகம் தேயும், அடியில் தேய்மானமே இருக்காது. அந்த வித்தியாசத்தைத்தான் அவர் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "இதை அடிக்க வேண்டாங்க. ஹோன் பண்ணி ரிங் மாத்துங்க, இன்னும் அஞ்சு வருசம் போகும்" என்று வந்த வேலையைத் திருப்பி அனுப்பினார். பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களுக்கு எட்டு, பத்து தௌ தேய்ந்த பிறகே ரீபோர் என்பது பட்டறைக் கணக்கு.

விடுகிற இடைவெளி எவ்வளவு சின்னது என்று தெரிந்தால் அவர் துணி சுற்றி வைத்ததன் காரணம் புரியும். உங்கள் அளவுப் பிஸ்டனுக்கு இரண்டு, மூன்று தௌ. ஒரு தலைமுடியின் தடிமன். துல்லியமான எண்ணைப் பிஸ்டன் செய்தவரின் பெட்டியிலோ தாளிலோ பார்த்து அதையே கேளுங்கள். பிஸ்டனை அதன் தலையில் அளக்கக் கூடாது, பாவாடைப் பகுதியில், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக அளக்க வேண்டும். அடித்த சூட்டோடு போரை அளக்கிறவரையும் நம்பாதீர்கள். அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்புப் பிளாக்கைப்போல இரண்டு மடங்கு விரியும். குன்னூர்க் குளிரில் அளந்த பிஸ்டன் எண்ணை வைத்துக்கொண்டு கோவை வெயிலில் போர் அடித்தால் இடைவெளியில் அரை தௌவுக்கு மேல் பிசகும். பிஸ்டனும் பிளாக்கும் முதல் நாள் ராத்திரியே ஒரே அறையில் தூங்கட்டும்.

ஸ்லீவுக்கு நான் விரோதி இல்லை. துளையில் ஆழமான கீறல், விரிசல், அல்லது ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸ் வரை போய்விட்டது என்றால் ஸ்லீவ்தான் வழி. கையில் கிடைத்தது ஸ்டாண்டர்டு அளவுப் பிஸ்டன் மட்டும்தான் என்றாலும் அதேதான். ஆனால் ஸ்லீவ் போட முதலில் துளையை இன்னும் அகலமாக வெட்ட வேண்டும். ஐம்பது அறுபது வருடம் மலைத் தண்ணீர் ஓடிய பிளாக்கில் ஜாக்கெட் பக்கச் சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஒருமுறை அதற்குள் நுழைந்துவிட்டால் திரும்ப முடியாது. மூன்றாவது மட்டும் கெட்டிருந்தால் மூன்றாவதுக்கு மட்டும் போடுங்கள். நல்ல மூன்றைத் தொடாதீர்கள்.

ஆகவே கடை தேடும் முன் பிஸ்டன் தேடுங்கள். ஹெரால்டு நம் ஊர் வண்டிதான், சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961இல் செய்ய ஆரம்பித்தது. செம்பியத்தில் 1949இலிருந்து இந்தியா பிஸ்டன்ஸ் இருக்கிறது, பேரிங் செய்கிற பைமெட்டல் ஆலை கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த வண்டிக்கு எல்லாம் இங்கேயே கிடைத்தது. இப்போது பழைய ஸ்டாக்குக்குச் சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் அலைய வேண்டியிருக்கும். பெட்டி பிரிக்காத செட் கிடைத்தால்கூட நான்கையும் அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள். அதுவும் இல்லையென்றால் இங்கிலாந்து. அங்கே ஹெரால்டு ஒரு டிரையம்ஃப். அதற்கு உதிரிபாகம் விற்பவர்கள் இன்னும் கடையை மூடவில்லை. சுங்க வரியைச் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிராங்க் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு, அது மலையில் சீக்கிரம் வெளிப்படும். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது பின்பக்க மெயின் பேரிங்கில் செருகியிருக்கிற இரண்டு அரைவட்ட வாஷர்கள் மட்டுமே. அவை தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் நழுவிச் சம்ப்பில் விழும். பிறகு கிராங்க் பிளாக்கையே அறுக்கும். ரீபோர் பிசகினால் சரி செய்யலாம், இது பிளாக்குக்கே முடிவு கட்டிவிடும். குன்னூர் மலைப்பாதையின் பதினாலு ஊசிமுனை வளைவிலும், சீசனில் முன்னால் நிற்கிற பஸ்ஸின் பின்னாலும் நீங்கள் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எஞ்சினை இறக்கும் முன்பே இதைச் சோதிக்கலாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து மிதித்து விடட்டும், நீங்கள் பானட்டைத் தூக்கி முன்பக்க புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னும் பின்னும் போய்வந்தால் இன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள். இருக்க வேண்டிய அசைவு நாலிலிருந்து எட்டு தௌ வரைதான். தடித்த ஓவர்சைஸ் வாஷர்கள் கிடைக்கும். போடும்போது எண்ணெய்க் கோடு உள்ள முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்ட எஞ்சின்களையும் பார்த்திருக்கிறேன்.

கிராங்க்கைக் கிரைண்டிங் கொடுக்கும் முன் விரிசல் சோதனை செய்யச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு ஜர்னலின் ஓரத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஓரம் வளைவாக இறங்க வேண்டும், நகத்தில் மூலை தட்டினால் கல்லுக்கு வளைவு கொடுக்காமல் தேய்த்திருக்கிறார்கள், கிராங்க் உடைவது அங்கேதான். மெயின் கேப், கனெக்டிங் ராடு கேப் எல்லாவற்றுக்கும் அதனதன் நம்பரைக் குத்தி அனுப்புங்கள். பேரிங் ஆட்டத்தைக் குறைக்கக் கேப்பை அரத்தால் ராவுகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மேசையில் அப்படி ராவிய கேப் கண்ணில் பட்டால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

ஹெட்டில் கைடு மாற்றும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் இன்செர்ட் போட்டுவிடுங்கள். இந்த ஹெட் செய்யப்பட்ட காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அதுதான் சீட்டைக் காத்தது. 2000த்தில் நாடு முழுக்க ஈயத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, ஆகவே பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அதைத் தாங்குகிற ரகத்தில் மாற்றுங்கள்.

கொடுக்கும் முறை. எஞ்சினைக் கழற்றுவதும் கோப்பதும் குன்னூரில், உங்கள் கண்முன். மிஷின் வேலை மட்டும் கீழே. பிளாக், கிராங்க், பிஸ்டன் மூன்றையும் நீங்களே கொண்டுபோங்கள், மெக்கானிக் கையில் கொடுத்தனுப்பினால் மச்சான் கதைதான் திரும்பும். மெக்கானிக்கும் கூட வரட்டும், கடைக்காரர் சொல்கிற அளவை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். ஒரு தாளில் வரிசையாக வேலையையும் அதனதன் கூலியையும் எழுதி, பக்கத்தில் முன் அளவு, பின் அளவு என்று இரண்டு கட்டம் போட்டு அவர் கையெழுத்தை வாங்குங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், சிலர் சிரித்துக்கொண்டே தங்கள் சொந்த நோட்டை எடுத்து நீட்டுவார்கள். ஒரு வாரத்தில் தருகிறேன் என்றவர் மூன்று வாரம் இழுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே தருகிறேன் என்பவரிடம்தான் எனக்குப் பயம்.

பிளாக் வெட்டி முடிந்ததும் ஆயில் பாதைகளின் அடைப்பான்களைக் கழற்றி, சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுத் துளைகளைக் கழுவ வேண்டும். ஹோனிங் கல்லின் தூள் உள்ளே தங்கினால் புது ரிங்கைத் தின்றுவிடும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். கழுவிய கையோடு எண்ணெய் பூசி, பாலிதீனில் இறுகக் கட்டி மேலே கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் புதிதாக ஹோன் பண்ணிய போரை மூடாமல் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றினால், காட்டேரி மூடுபனியைத் தாண்டி வீடு சேர்வதற்குள் துரு செம்மண் பூசிய மாதிரி படர்ந்திருக்கும்.

கோத்த பிறகு ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிட்டு 'செட்' ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டார்ட் ஆகி, ஆயில் பிரஷர் வந்து, எங்கும் ஒழுகவில்லை என்றதும் ரோட்டுக்கு எடுங்கள். டாப் கியரில் ஏற்றத்தில் திணறவிடாமல், கியரைக் குறைத்து, மிதித்தும் விட்டும் ஓட்டுங்கள். குன்னூர் – கோத்தகிரி ரோடு அதற்கென்றே போட்ட மாதிரி இருக்கும். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் பார்த்து, வால்வு இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

இதெல்லாம் பிறகு. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பூன் ஆயிலும் அந்த கம்ப்ரஷன் கேஜும் எடுத்துக்கொண்டு மூன்றாவது சிலிண்டரைப் பாருங்கள். புல்லி ஆடுகிறதா என்பதையும் பார்த்து, இரண்டு பதிலையும் எழுதி அனுப்புங்கள். 84 அப்படியே நின்று, புல்லியும் ஆடவில்லையென்றால் பிளாக்கைத் தொடவே வேண்டாம், ஹெட்டை மட்டும் ஒரு சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோய்விடலாம்.